இரண்டு சபாபதிகள்

கோலி சோடாவை நம் ஊர்ப்பக்கம் யாரும் திறப்பதில்லை, உடைப்பார்கள். புட்டியின் கழுத்தை அடைத்து நிற்கும் கோலிக்குண்டை அழுத்தி உள்ளே தள்ளுவதற்குத்தான் அந்தப் பெயர். புட்டிக்கு ஒரு சேதமும் வருவதில்லை. ஆனாலும் 'ஒரு சோடா உடைப்பா' என்றுதான் கடைக்காரரிடம் கேட்போம். இந்த ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு 1941-ஆம் ஆண்டில் ஒரு வேலைக்காரன் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தான். சோடாவை உடைத்துக் கொண்டுவரும்படி எஜமானன் சொல்கிறான். வேலைக்காரன் சொன்னபடியே புட்டியை உடைத்துவிடுகிறான். சொன்னதைத்தான் செய்தான். அவனிடம் பிழை காண முடியுமா?

'சபாபதி' என்னும் அப்படத்தை வாசகர்களுள் மூத்தவர்கள் கொட்டகையிலும், மற்றவர்கள் தொலைக்காட்சியிலும் பார்த்திருக்கக் கூடும். பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நகைச்சுவை நாடகத்தைத் தழுவி, ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில், ஏ.டி. கிருஷ்ணசாமி இயக்கத்தில் 1941 டிசம்பரில் வெளிவந்தது. அதே மாதத்தில்தான் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். அடுத்த சில மாதங்களில் குண்டு விழும் என்ற அச்சத்தில் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்தனர். அப்படிப்பட்ட காலத்தில் இப்படியொரு படம்!

சேலத்தைச் சேர்ந்த நமக்குச் சினிமா என்றாலே ஏற்காட்டு அடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸும் டி.ஆர். சுந்தரமும்தான் நினைவுக்கு வரும். இது அங்கே பிறந்த படமன்று. ஆனால் எஜமான சபாபதியாக நடித்த டி.ஆர். ராமச்சந்திரன், நாமக்கல்லுக்குக் காவிரிக்கு அக்கரையில் உள்ள கரூர்ச் சீமைக்காரர் என்பதால் நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். வேலைக்கார சபாபதி, காளி என். ரத்தினம். நாடகமேடையில் காளி வேடம் புனைந்து அப்பெயரைச் சம்பாதித்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பிற்காலத்து எம்.ஜி.ஆருக்கே நடிப்புப் பயிற்றுவித்தவர். முட்டை விழிகளுடன் மிரண்டு நிற்கும் இளைஞர் ஒருவர். எதற்கும் மிரளாத முதிர்ந்த முகம் ஒன்று. எஜமானனுக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பெயர். இருவருக்கும் மூளை ஒரே அளவு. படத்தின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் எங்கள் கோயில்பிள்ளை.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் அது. சுற்றிலும் மரவள்ளிக் காடு. வெயிற்காலத்தில் சேகோ மில் களங்களில் காயும் மாவின் புளித்த வாடை பீடம்வரை வரும். நான் குருப்பட்டம் பெற்ற நான்காம் ஆண்டு, என் முதற்பங்கு. அவர் எனக்கு முன்னால் மூன்று சாமியார்களிடம் பணிபுரிந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆயினும் நான் அவரை 'நீ' என்றே அழைத்தேன். அவர் என்னைச் 'சாமி' என்பார். அந்த ஊரில் அதுவே வழக்கம், அதில் வியப்படைவாரும் இல்லை.

எங்கள் இருவருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்றுதான். நம் பக்கத்தில் அது அரிதல்ல. பங்குக்குப் பத்துப் பேராவது அப்பெயரில் இருப்பார்கள். என்னை எல்லாரும் 'சாமி' என்றும், அவரைக் 'கோயில்பிள்ளை' என்றும் அழைத்தமையால் அந்தப் பெயர் யார் வாயிலும் வந்து விழவில்லை.

சிறுவயதில் டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து, 'சபாபதி'யை அவர் மூன்று இரவு பார்த்தாராம். பூசை உதவிச் சிறுவர்களுக்கு அதை நடித்துக் காட்டுவார். தீர்த்தச் செம்பைச் சோடாப் புட்டியாகப் பாவித்து, அதை ஓங்கிக்கொண்டு நிற்பார். சிறுவர்கள் உடுப்பறையில் விழுந்து புரளுவார்கள். எனக்கோ எரிச்சல் வரும். குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபைத் தந்தையர் வரலாறு கற்பித்தார்கள். ஆண்டவர் அழுததைச் சுவிசேஷங்கள் கூறுகின்றன, சிரித்ததாக எங்கும் கூறவில்லை என்று புனித கிறிசோஸ்தோம் பிரசங்கித்ததைத் தேர்வுக்காகப் படித்தவன் நான். பரிசுத்த பாத்திரங்கள் இருக்கும் அறையில் சோடாப் புட்டி வேடிக்கையா? ஒருநாள் அதட்டினேன். அவர் செம்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

2000-ஆம் ஆண்டு. யூபிலி ஆண்டாதலால் பெரிய சனி இரவுத் திருவிழிப்புக்கு வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்திருந்தனர். நானூறு பேருக்குக் குறையாது. பவுர்ணமி கழிந்து நான்கு நாள். நிலவைக் கோடைமேகம் மறைத்திருந்தது. கோயில் வாசலில் மண்சட்டியில் கரி மூட்டிப் புதுத்தீ ஆயத்தமாயிருந்தது. அந்தத் தீயை மந்திரித்து, அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றி, இருண்ட கோயிலுக்குள் ஒளியைக் கொண்டு செல்வதுதான் அந்த இரவின் சடங்கு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் உடுப்பறையில் வெண்ணிற உடை அணிந்துகொண்டே சன்னல் வழியாகச் சத்தமிட்டேன்: "எல்லாத்தையும் அணைச்சிடு! ஒரு பொட்டு வெளிச்சம்கூட எங்கேயும் இருக்கக் கூடாது!"

குழல்விளக்குகள் அணைந்தன. பிறகு தெருவிளக்கும் அணைந்தது. அதை அவர் எப்படி அணைத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் திருப்தியுடன் திரியை ஏந்தி வாசலுக்கு வந்தேன். தீ இல்லை. சட்டியிலிருந்து ஆவி மட்டும் உஸ்ஸென்று எழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலி வாளியுடன் ஓர் உருவம் நின்றது.

"எங்கேப்பா தீ?"

"அணைச்சிட்டனுங்க சாமி. ஒரு பொட்டுகூட இல்லீங்க."

கூட்டத்தில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அடுத்து ஒரு கிழவி. அப்புறம் நானூறு பேரும். நான் நாற்பது நாள் உபவாசமிருந்து, மூன்று நாள் தூங்காமல் ஆயத்தப்படுத்திய சடங்கு அது. என் தலைக்குள் ஏதோ அறுந்தது. அன்றுவரை ஒருநாளும் சொல்லி அழைத்திராத அவரது பெயரைச் சொல்லி, தொண்டை கிழியக் கத்தினேன்: இன்னாரே, நீ ஒரு முட்டாள், அடிமுட்டாள் என்று.

முகம் தெரியாத இருட்டு. என் குரல் மட்டும் எல்லாருக்கும் கேட்டது. அந்தக் குரல் என் பெயரைச் சொல்லி முட்டாள் என்றது.

சிரிப்பு நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை, இரட்டித்தது. மதிலுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் தம் தீப்பெட்டியை நீட்ட, புதுத்தீயை அதிலிருந்து மூட்டினோம். (தீ எங்கிருந்து வரவேண்டும் என்று திருவழிபாட்டு விதிகள் கூறவில்லை என்பதை மறுநாள் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.) மின்சாரம் திரும்ப வர அரைமணி நேரமாயிற்று, பியூஸ் கட்டைகளைக் கழற்றி அவர் மடியில் பத்திரமாக முடிந்து வைத்திருந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை ஒரு மாதச் சம்பளத்தை உறையிலிட்டுக் கொடுத்து, வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு சாவியும் எந்தப் பூட்டுக்கு என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். திருச்செங்கோட்டுப் பக்கம் போய், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்றில் சமையல் ஆளாகச் சேர்ந்து வடநாடு போய்விட்டதாகச் சில மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். ஊரார் இரண்டொரு முறை அவருக்காகப் பரிந்து பேசினர். ஆலயத்தின் ஒழுங்கு என்று ஏதோ சொன்னேன்.

பதினோரு ஆண்டுகள் சென்றன. முழங்கால் வலியால் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தபோது என் தங்கை மகன் பொழுதுபோக்குக்கென்று சில குறுந்தகடுகளைக் கொண்டுவந்தான். அவற்றில் ஒன்று 'சபாபதி'. இன்னொன்றில் லாரல் - ஹார்டியின் குறும்படங்கள். இரண்டையும் அதே வாரத்தில் பார்த்ததனால்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியே பார்த்திருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன்.

ஒல்லியான ஸ்டான் லாரல் இங்கிலாந்துக்காரர். பருத்த ஆலிவர் ஹார்டி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தவர். மௌனப் படங்களில் இணைந்து புகழ்பெற்ற இருவரும் 1929-இல்தான் முதன்முதலாகத் திரையில் பேசினர். அந்தக் குறும்படத்துக்கு 'அன்அக்கஸ்டம்டு ஆஸ் வீ ஆர்' என்று பெயர். பழக்கமில்லாத வேலையில் இறங்கியிருக்கிறோம் என்பது போன்ற பொருள். பேச்சு வந்தவுடன் எத்தனையோ மௌனப்பட நடிகர்கள் தடுமாறினார்கள், இவர்கள் தடுமாறவில்லை. அப்படத்தின் முடிவில் லாரல் விடைபெற்றுத் திரைக்கு வெளியே நடக்கிறார். பிறகு அவர் மாடிப்படிகளில் உருளும் ஓசை கேட்கிறது. விழுவதை நமக்குக் காட்டுவதில்லை. அதைக் காணும் ஹார்டியின் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். ஓசை வந்த மறுகணமே, காட்டாமல் சிரிக்கவைக்கும் வித்தையைக் கண்டுகொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படத்தின் ஒலி தனி இசைத்தட்டுகளில் இருந்தது. அவை தொலைந்துபோய், பல்லாண்டு காலம் படம் மௌனமாகவே கிடந்தது. பிற்பாடு தட்டுகள் கிடைத்த பின்னரே மீண்டும் பேசிற்று.

1932-இல் அவர்கள் செய்த 'தி மியூசிக் பாக்ஸ்' அரைமணி நேரப் படம். குறும் நகைச்சுவைப் படத்துக்கென அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட ஆஸ்கார் விருது அதற்கே கிடைத்தது. ஒரு பியானோவை நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற்றி மேட்டுவீட்டில் சேர்க்க வேண்டும். ஏற்றுகிறார்கள், அது உருண்டோடுகிறது; மறுபடி ஏற்றுகிறார்கள், மறுபடி உருண்டோடுகிறது. கடைசியில் உச்சியை அடைந்தபோது, பக்கத்தில் வண்டிப்பாதை இருக்கிறதே, அதில் வந்திருக்கலாமே என்கிறார் ஒரு தபால்காரர். அப்படியா என்று பியானோவைப் படிவழியே திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, பாதைவழியாக மேலே கொண்டு வருகிறார்கள்! திருச்செங்கோட்டு மலைக்கும் படிகள் உண்டு, வாகனப் பாதையும் உண்டு. படியேறி உச்சிக்கு வந்தவரிடம் பாதையைப் பற்றிச் சொன்னால் அவர் திரும்ப இறங்கிப் போவாரா என்று எண்ணி, வலித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் என் சிரிப்பை நிறுத்தியது வேறொன்று. லாரல் எதையாவது கவிழ்த்துவிடும் ஒவ்வொரு முறையும் ஹார்டி தம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, மெல்லத் திரும்பி, நேராக நம்மைப் பார்க்கிறார். 'இவனைக் கட்டிக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா?' என்று நம்மிடமே முறையிடும் பார்வை. தாம் வேறு, அவன் வேறு. தாமும் நாமும் ஒரு பக்கம் என்பது அவர் எண்ணம். சாக்கடையில் இருவரும்தாம் விழுந்திருக்கிறார்கள் என்பது அவர் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பார்வையை நான் அறிவேன். நானூறு பேர் பக்கம் திரும்பி, இருட்டில், நான் பார்த்த பார்வை அது.

'சபாபதி'யில் பம்மல் முதலியார் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார். இருவருக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். எஜமான சபாபதி பள்ளியிறுதி வகுப்பைத் தாண்ட முடியாதவன், தமிழ் வாத்தியாரிடம் (கே. சாரங்கபாணி எவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறார்!) அல்லல்படுபவன். வேலைக்காரனை மடையா என்று அழைக்க அவனுக்குள்ள தகுதி, அவன் தகப்பனாரின் சொத்து ஒன்றுதான். வேலைக்காரனோ சொற்களுக்குச் சொற்பொருளன்றி வேறு பொருள் உண்டு என்பதை அறியாதவன். உடை என்றால் உடை. இந்தச் சிரிப்பு மௌனப்படத்தில் சாத்தியமே இல்லை. தமிழ் பேசத் தொடங்கிய பிறகுதான், 1931-இல் வந்த 'காளிதாஸ்' என்ற முதற்பேசும்படத்துக்குப் பத்தாண்டு கழித்துத்தான், அது பிறக்க முடிந்தது. எஜமானனுக்குப் படித்த பெண் மனைவியாக வாய்த்து, அவனுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். வேலைக்காரனுக்கும் சி.டி. ராஜகாந்தம் நடித்த வேலைக்காரியோடு திருமணம் நடக்கிறது. அந்த வீட்டில் அவன் எத்தனையோ திட்டு வாங்குகிறான். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை உறையிலிட்டு யாரும் அவனை வெளியே அனுப்புவதில்லை.

முழங்கால் குணமானதும் அவரைத் தேடினேன். தேடுவது கடினமாயிருக்கவில்லை, தேடாமலிருந்ததுதான் பதினோரு ஆண்டு. திருச்செங்கோட்டை அடுத்த ஓர் ஊரில் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பற்கள் போயிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "உட்காருங்க" என்றேன். அந்த 'ங்க' அவருக்குப் புதிதாயிருந்திருக்க வேண்டும். சற்றுத் திகைத்துவிட்டுத்தான் அமர்ந்தார்.

ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் எல்லாம் சுற்றியதைச் சொன்னார். முப்பது ஆளுக்குச் சமைத்ததை, கடப்பாறை இறங்காத பாறையில் நீர் பீறிட்டதை, அங்கத்திய குளிரைச் சொன்னார். நடுவே, பேச்சோடு பேச்சாக, "அந்த வருசம் இவளை எட்டாவதோட நிறுத்திட்டமுங்க. அதுதான் ஒண்ணு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஓடிய ஊர்களின் வரிசையில் அதையும் ஓர் ஊரைப்போல் சொன்னார். காபி கொண்டுவந்து வைத்த மகள், முந்தானையால் கையைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றிருந்தாள்.

மன்னிப்பு என்னும் சொல்லை வாரந்தோறும் நூறு பேருக்காக உச்சரிக்கும் எனக்கு அன்று அது வாயில் வரவில்லை. மெய்யாகவே வரவில்லை. அடுத்த வாரம் என் பங்குக்கு வந்து ஒருநாள் தங்குங்கள் என்று மட்டும் அழைத்துவிட்டுத் திரும்பினேன்.

வந்தார். மே மாதம், இடி முழங்கிக்கொண்டிருந்த மாலை. இராச்சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சிப் பெட்டியில் 'சபாபதி' குறுந்தகட்டைப் போட்டேன். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில்தான் உட்கார்ந்தார். நானும் வலிக்கும் காலை நீட்டிக்கொண்டு தரையில் அமர்ந்தேன். ரத்தினம் திரையில் வந்தவுடன் அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு ஒரு விநாடி முன்னதாகவே முணுமுணுத்தார். சோடாக் காட்சி வந்தது. தொப்பை குலுங்கச் சிரித்தார். எனக்கு அவருடைய சிரிப்பைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் என்னால் பேச முடிந்தது. அன்றிரவு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, வேலையை விட்டு அனுப்பியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆகட்டுமுங்க சாமி" என்றார். சாவிகளை ஒப்படைத்தபோது இருந்த அதே நிதானம்.

பதினோரு ஆண்டாக என்னைக் குடைந்த கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. கேட்டேவிட்டேன். "அந்தத் தீயை நீங்க தெரியாமல்தான் அணைச்சீங்களா, இல்லை வேணும்னு அணைச்சீங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தினத்தின் அதே அசையாத பாவம்.

"இவன் சோடாவை உடைச்சானே, தெரியாம உடைச்சானுங்களா, வேணும்னு உடைச்சானுங்களா? அதைப் படத்துலயே சொல்லலீங்களே சாமி."

நான் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே பெரிய இடி ஒன்று விழுந்தது. திரை கறுத்தது, விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்று, தெருவிளக்கும் போய், ஊரே இருண்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"சாமி, இது நானில்லீங்க."